வாசகர் கேள்வி: கிராகோவின் தூய மரியாள் ஆலயம்

கேள்வி: போலந்தின் கிராகோவ் நகருக்குச் செல்லவிருக்கிறேன். பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள தூய மரியாள் ஆலயத்தில் எதைத் தவறாமல் பார்க்க வேண்டும்?

பதில்: உயரம் ஒத்துப்போகாத இரு கோபுரங்களைக் கொண்ட அந்த கோதிக் செங்கல் ஆலயத்தின் உயிர், என் பார்வையில், ஃபைட் ஸ்டாஸ் என்னும் சிற்பி 1477 முதல் 1489 வரை உழைத்துச் செதுக்கிய மரப் பலிபீடமே. திருத்தூதர்களின் கைகளில் புடைத்த நரம்புகளையும் முகத்துச் சுருக்கங்களையும்கூட அவர் பொறுமையாக வடித்திருக்கிறார். பலிபீடத்தின் மடிப்புக் கதவுகள் மூடியிருந்தால் நடுவிலுள்ள மரியாளின் துயில், அதாவது அவர் இறக்கும் காட்சியைக் காண இயலாது என்பதால், அவை திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள். முதன்மை வாயில் வழிபட வருவோருக்கு உரியது. பார்வையாளர்கள் பக்கவாயில் வழியாகச் செல்ல வேண்டும். வெளியே வந்ததும், அடுத்த மணி அடிக்கும்வரை சதுக்கத்திலேயே காத்திருங்கள். உயரமான கோபுரத்திலிருந்து நான்கு திசைகளிலும் ஊதப்படும் எக்காளப் பண், ஒவ்வொரு முறையும் பாதியிலேயே சட்டென்று நின்றுவிடும்.