மோட்டார்ஹோம் கூரையில் சாட்டிலைட் ரேடியோ: கேட்டதும் சொன்னதும்

மே மாதம் வந்து வண்டியைப் பனிக்காலத் தூக்கத்திலிருந்து எழுப்பியதும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி சாட்டிலைட் ரேடியோவைப் பற்றித்தான், அதாவது செயற்கைக்கோளிலிருந்து நேராக வண்டிக்கு வரும் சந்தா ரேடியோ; இங்கே அதை நடத்துவது சிரியஸ்எக்ஸ்எம் என்ற நிறுவனம். நான் மெக்கானிக் இல்லை. மிசிசாகாவில் ஒரு பழைய 24 அடி கிளாஸ் சி (டிரைவர் தலைக்கு மேலும் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டார்ஹோம்) வைத்துக்கொண்டு, அதன் கூரையில் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தவன். என் வண்டியிலும் நண்பர்கள் வண்டிகளிலுமாக ஏழெட்டு முறை இந்த வேலையைச் செய்திருக்கிறேன், அதில் இரண்டைப் பிரித்துத் திரும்பவும் செய்தேன். வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

செந்தில், பிராம்டன்: அண்ணா, போனிலேயே சிரியஸ்எக்ஸ்எம் ஆப் இருக்கும்போது தனியாக ரேடியோ, ஆன்டெனா எல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

வீட்டில் கேட்பது நியாயம்தான். டொரன்டோவைச் சுற்றி ஓட்டுவதோடு சரி என்றால் ஆப் போதும், காசை மிச்சம் பிடியுங்கள். ஆனால் சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே 17ஆம் நெடுஞ்சாலையில் வாவா தாண்டி ஒரு தடவை போய்ப் பாருங்கள், போனில் ஒரு கோடு கூட இல்லாமல் மைல் கணக்காக ஓட்ட வேண்டியிருக்கும், எஃப்எம்மிலும் இரைச்சல்தான். சாட்டிலைட் ரேடியோ அங்கேயும் வீட்டு வாசலில் பாடுவது போலவே பாடும், ஏனென்றால் அதற்கு டவர் தேவையில்லை, தெற்கு வானம் தெரிந்தால் போதும். பெரிய நகரங்களில் கட்டடங்கள் மறைக்கும் இடத்துக்காகத் தரையிலும் ரிப்பீட்டர்கள் (அதே சிக்னலைத் திரும்ப அனுப்பும் கருவிகள்) வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஊருக்குள் ஆன்டெனாவை எங்கே போட்டாலும் வேலை செய்யும், "அருமையாக எடுக்கிறது" என்று சந்தோஷப்பட்டுவிட்டுக் காட்டுக்குள் போனதும் ஏமாறுவோம். ஆன்டெனா சோதனையை நகரத்துக்குள் செய்யாதீர்கள்.

ரம்யா, ஒட்டாவா: ஆன்டெனாவோடு காந்தம் வந்தது. கூரையில் வைத்தால் ஒட்டவே இல்லை. பழுதான ஆன்டெனாவா?

ஆன்டெனாவில் குறை இல்லை, ரம்யா. அந்தக் காந்தம் காரின் இரும்புக் கூரைக்காக வைத்தது. நம் வண்டிகளில் மேலே ரப்பர் ஷீட்டோ டிபிஓ என்ற பிளாஸ்டிக் ஷீட்டோ ஃபைபர்கிளாஸோதான் இருக்கும். அலுமினியக் கூரை உள்ள வண்டிகளும் உண்டு, அதிலும் காந்தம் பிடிக்காது.

இதில் ஒட்டுவது மட்டும் பிரச்சினை இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் அந்த ஆன்டெனாவுக்கு அடியில் ஒரு உலோகத் தளம் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். காரில் கூரையே அந்தத் தளம். நமக்கு அது இல்லை, எனவே நாமே கொடுக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் ஜங்ஷன் பாக்ஸை மூடுகிற நாலங்குல இரும்புத் தகடு கிடைக்கும், இரண்டு மூன்று டாலர்தான், ஓட்டையில்லாத தகடாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது மழையில் துருக்கறை கூரையில் வழியும். இன்னும் பெரிய தகடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபைபர்கிளாஸ் கூரை என்றால் நல்ல இரட்டைப் பக்க விஎச்பி டேப் போதும். ரப்பர் கூரையில் அந்த டேப் நாளடைவில் விட்டுவிடும். அங்கே தகட்டை டைகார் சீலன்டில் (இந்தக் கூரைகளுக்கென்றே விற்கிற, தண்ணீர் புகாத பசை) உட்கார வைத்து நாலு ஓரத்தையும் எடர்னாபாண்ட் டேப்பால் மூடுங்கள். அதன் மேல் ஆன்டெனாவை வையுங்கள், டக்கென்று பிடித்துக்கொள்ளும்.

குமார் சார், பஃபலோ: கூரையில் ஏசி, சோலார் பேனல், வென்ட் எல்லாம் இருக்கிறது. எந்த இடத்தில் வைப்பது?

சார், இது ஒரு நிழல் கணக்கு. சிரியஸ், எக்ஸ்எம் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்ததுதான் சிரியஸ்எக்ஸ்எம்; அதில் பழைய எக்ஸ்எம் பக்கத்துச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, மேற்குத் தீர்க்கரேகை 85, 115 டிகிரிகளில் நிற்கின்றன. உங்கள் ஊரிலிருந்தும் எங்கள் ஊரிலிருந்தும் பார்த்தால் 85இல் இருப்பது தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 40 டிகிரி உயரத்தில் இருக்கும். நம் தலைக்கு நேரே இல்லை. ஏசி பெட்டி ஒரு அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், 40 டிகிரியில் அதன் "நிழல்" ஒன்றேகால் அடிக்குச் சற்றுக் குறைவாக விழும். வண்டி எந்தத் திசையிலும் திரும்பும் என்பதால் அந்த நிழல் ஏசியைச் சுற்றி எல்லாப் பக்கமும் விழும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் நான் இரண்டு அடி தள்ளி வைப்பேன், இடம் இருந்தால் மூன்று. சோலார் பேனல் தாழ்வாக இருப்பதால் அவ்வளவு தொல்லை இல்லை, ஆனால் பேனலுக்கு அடியில் மட்டும் ஒளித்து வைக்காதீர்கள். அப்படி வைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும், அழகாக இருக்கும் என்று செய்தாராம்.

கிளாஸ் சி வண்டியில் டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் படுக்கை மூக்கின் மேற்பரப்பு பெரும்பாலும் காலியாக இருக்கும். என் ஓட்டு அதற்குத்தான், டேஷ்போர்டுக்கும் பக்கம். ஆனால் மரக்கிளை முதலில் உரசுவதும் அங்கேதான் என்பதால் முன் விளிம்பிலிருந்து ஒன்றரை அடி பின்னுக்குத் தள்ளுங்கள்.

விஜி, ஹாமில்டன்: கேபிளை உள்ளே கொண்டுவர கூரையில் ட்ரில் போட பயமாக இருக்கிறது. வேறு வழி?

பயம் நல்லதுதான் விஜி. நான் என் வண்டியை வாங்கியபோது பழைய சொந்தக்காரர் ஏதோ ஒரு ஆன்டெனாவுக்காகக் கால் அங்குல ஓட்டை போட்டு, ரப்பர் கூரையில் குளியலறை சிலிகானைப் பிதுக்கி விட்டிருந்தார். மேலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. உள்ளே மேல் அலமாரியைத் திறந்து மூலையில் விரலை வைத்தேன், பலகை ரஸ்க் போலப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. சிலிகான் அந்த ரப்பரில் நிலைத்துப் பிடிப்பதில்லை, வெயிலில் ஓரம் தூக்கிக்கொள்ளும், தண்ணீர் அந்த இடுக்கில் போய்ப் பல மாதம் சத்தமில்லாமல் வேலை செய்யும். அந்த மூலையைப் பிரித்துக் கட்ட எனக்கு இரண்டு வாரக் கடைசி போனது.

ஓட்டையே போடாமல் இருக்க வழி, ஏற்கெனவே இருக்கும் ஓட்டையைப் பயன்படுத்துவது. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்தால் பெரும்பாலும் அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு வென்ட் மூடி இருக்கும். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுங்கள் (பழைய பிளாஸ்டிக் வெயிலில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், மெதுவாக), மூடியின் ஓரத்துக்கு அடியில் கேபிளை நுழைத்து ஃபிரிட்ஜின் பின்பக்கம் இறக்குங்கள். அங்கே பர்னர் புகைக்குழாய் சூடாகும், கேபிள் அதைத் தொடாமல் எதிர்ச் சுவர் ஓரமாகக் கிளிப் அடிக்க வேண்டும். கீழே வந்ததும் ஃபிரிட்ஜ் பக்கத்து அலமாரி வழியாகத் தரைக்கோ டேஷுக்கோ போகலாம். கேபிள் போன இண்டு இடுக்கை மறக்காமல் அடையுங்கள், பர்னர் புகை வீட்டுக்குள் வரக்கூடாது. கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் வைத்த புது வண்டிகளில் இந்த வென்ட் இருக்காது.

ட்ரில் போட்டே ஆக வேண்டும் என்றால் கேபிளுக்கென்று விற்கிற மூடிபோட்ட கேபிள் கிளாண்டை வாங்கி, அடியில் பியூட்டைல் டேப், மேலே டைகார் செல்ஃப் லெவலிங் சீலன்ட். கேபிள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொய்வு விட்டு வையுங்கள், தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டி விழட்டும்.

ஆனந்த், டல்லஸ்: என்னுடையது கிளாஸ் ஏ (பஸ் போன்ற பெரிய மோட்டார்ஹோம்). டேஷ் மேலேயே, கண்ணாடிக்குப் பின்னால் ஆன்டெனாவை வைத்தேன். பாதி நாள் எடுக்கிறது, பாதி நாள் இல்லை. மேகமா?

மேகம் இல்லை தம்பி, திசை. அறிகுறியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: ஹூஸ்டன் பக்கம் போகும்போது எடுத்து, ஓக்லஹோமா பக்கம் போகும்போது விட்டு விட்டு வருகிறதா? தெற்கே ஓட்டும்போது அந்தப் பெரிய கண்ணாடி வழியாக ஆன்டெனா நேராகச் செயற்கைக்கோளைப் பார்க்கிறது. வடக்கே திரும்பியதும் உங்கள் மொத்த வீடும் நடுவில் வந்து நிற்கிறது. கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் இன்னும் மோசம். கூரைக்கு ஏற்றிவிடுங்கள்.

மேரி, ஸ்கார்பரோ: மரங்களுக்கு நடுவில் முகாம் போட்டால் அடிக்கடி நின்று விடுகிறது.

நிற்கத்தான் செய்யும். ஓடும்போது ஒரு மரம் மறைத்தால் ரேடியோ தன்னிடம் சேர்த்து வைத்த சில வினாடிகளை வைத்துச் சமாளித்துவிடும், அதே மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டால் அது என்ன செய்யும்? தெற்கே திறப்பு உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். நீளக் கேபிளோடு இரண்டாவது ஆன்டெனா ஒன்றை ஏணியில் கட்டித் தூக்குபவர்களும் உண்டு.

சிவா அண்ணை, மார்க்கம்: தம்பி, நிப்பாட்டி வைச்சிருக்கேக்கையும் பாட்டுக் கேக்க வேணும். ரேடியோவின்ர சிவப்பு வயரை வீட்டு பேட்டரிக்கு (வண்டிக்குள்ள லைட், ஃபேன் ஓட்டுற தனி பேட்டரி) மாத்தினன். அடுத்த நாள் காலமை எஞ்சின் ஸ்டார்ட் ஆகேல்லை. ஏன்?

அண்ணை, நிறையப் பேர் விழும் குழி இது. தனியாக வாங்கிப் போடும் ரேடியோக்களில் சிவப்பு வயர் "இப்போது ஓடு" என்று சொல்வதற்கு மட்டும்தான். ரேடியோ உண்மையில் கரண்ட் இழுப்பது பெரும்பாலும் மஞ்சள் வயரிலிருந்து. உங்கள் மஞ்சள் வயர் இன்னும் எஞ்சின் பேட்டரியிலேயே இருக்கிறது, ராத்திரி முழுக்க அதைத்தான் குடித்திருக்கிறது. இரண்டு வயரையும் வீட்டு பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் பெட்டிக்குக் கொண்டு போங்கள், சிவப்புக்கு நடுவில் ஒரு சின்ன சுவிட்ச். ரேடியோவில் எழுதியிருக்கும் அளவு ஃபியூஸையே பேட்டரிப் பக்கம் போடுங்கள், பெரிதாகப் போடாதீர்கள். மிதமான சத்தத்தில் ஓரிரு ஆம்பியர்தான் போகும், 100 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வேலை தொடங்கும் முன் இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள்.

தினேஷ், வின்ட்சர்: கையடக்கச் சாட்டிலைட் ரேடியோப் பெட்டியை எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் மூலம் வண்டி ரேடியோவில் கேட்கிறேன், ஊருக்கு ஊர் இரைச்சல்.

டேஷில் ஆக்ஸ் துளை இருந்தால் ஒரு 3.5 மி.மீ. வயரைப் போட்டு அந்த டிரான்ஸ்மிட்டரை மறந்துவிடுங்கள். வின்ட்சரில் எதிர்க்கரை டெட்ராய்ட் நிலையங்களும் சேர்ந்து நெரிக்கும்போது காலி அலைவரிசையை எங்கே தேடுவீர்கள்? வயர் போட்ட பிறகு எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப "ஙொய்" என்று சத்தம் வந்தால் நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (அந்தச் சத்தத்தைத் தடுக்கும் சின்னக் கருவி) போடுங்கள். வண்டி ரேடியோவையே மாற்றுவதானால் சிரியஸ்எக்ஸ்எம் ரெடி என்று போட்ட ரேடியோவும், சாட்டிலைட் சிக்னலைப் பிடிக்கத் தனியாக எஸ்எக்ஸ்வி300 ட்யூனரும் வாங்குங்கள், அந்த ட்யூனர் ரேடியோவோடு வராது.

லதா, லண்டன் (ஒன்டாரியோ): எல்லாம் மாட்டியாச்சு, சேனல் 1 மட்டும் வருது.

அப்படியென்றால் ஆன்டெனா வேலை செய்கிறது, சந்தா மட்டும்தான் இன்னும் பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை. சேனல் 0க்குப் போனால் ரேடியோ ஐடி தெரியும். அதில் ஐ, ஓ, எஸ், எஃப் என்ற ஆங்கில எழுத்துகள் வராது, எனவே வட்டமாக இருப்பது சைபர்தான். அதைச் சிரியஸ்எக்ஸ்எம்மிடம் கொடுத்துவிட்டு, வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, ரேடியோவை ஓடவிட்டு, சந்தாவைப் பெட்டிக்குத் தெரிவிக்கும் ரிஃப்ரெஷ் சிக்னலை அனுப்பச் சொல்லுங்கள். கொட்டகைக்குள் நின்றுகொண்டு கேட்டால் வராது. குளிர்காலம் முழுக்க அணைத்து வைத்த பெட்டிக்கும் இதே வைத்தியம்.

பாலு, மிசிசாகா: அப்பா ஊரிலிருந்து வருகிறார், பழைய வேர்ல்ட்ஸ்பேஸ் (ஊரில் முன்பு இருந்த சாட்டிலைட் ரேடியோ) பெட்டி பத்திரமாக வைத்திருக்கிறாராம். இங்கே ஓடுமா? தமிழ்ச் சேனல் கிடைக்குமா?

அப்பாவுக்கு என் வணக்கம், அதில் வந்த தமிழ்ச் சேனல் கேஎல் ரேடியோ கேட்டவர் போலிருக்கிறது! ஆனால் அந்தப் பெட்டி ஊரிலேயே ஓடாது. இந்தியாவில் அந்தச் சேவை 2009 டிசம்பர் 31ஓடு நின்றுவிட்டது. செயற்கைக்கோள் வேறு, அலைவரிசையும் வேறு; அது 1.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய எல் பேண்ட், இங்கே 2.3. தமிழுக்காக இங்கே சாட்டிலைட் ரேடியோ வாங்காதீர்கள். புறப்படும் முன் போனில் பாட்டுகளை இறக்கி வைத்து அதே ஆக்ஸ் வயரில் போடுங்கள். சாட்டிலைட் எதற்கு என்றால் ஹாக்கி, செய்தி, பழைய ஆங்கிலப் பாட்டு.

ரம்யா மறுபடியும்: கேபிள் 20 அடிக்கு மேல் இருக்கிறது, எனக்கு 12 அடிதான் வேண்டும். வெட்டி முனை போட்டுக்கொள்ளலாமா?

வெட்டாதீர்கள். அந்த மெல்லிய கேபிளில் சிக்னல் மட்டும் வருவதில்லை, ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்டும் போகிறது, வீட்டில் போட்ட முனை கொஞ்சம் சொதப்பினாலும் இரண்டும் போகும். மிச்சத்தைக் கையகலத்துக்குத் தளர்வாகச் சுருட்டி, டை போட்டு, டேஷ் பின்னால் வைப்பர் மோட்டாரின் அசையும் கம்பிகள் படாத இடத்தில் கட்டிவிடுங்கள்.