லைம்லைட்டில் எலுமிச்சை இல்லை

கேள்வி: புகழோடு இருப்பவரை 'லைம்லைட்டில் இருக்கிறார்' என்கிறார்களே, லைம் என்றால் எலுமிச்சைதானே?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இங்கே லைம் என்பது சுண்ணாம்பு. பழத்தைக் குறிக்கும் லைம் அரபு மொழி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்பைக் குறிக்கும் லைம், பழைய ஆங்கிலத்தில் ஒட்டும் பொருளுக்கும் காரைக்கும் வழங்கிய சொல். எழுத்துக்கூட்டல் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து எரியும் சுடரைச் சுட்ட சுண்ணாம்புக் கட்டியின்மேல் பாய்ச்சினால், கண்கூசும் வெள்ளொளி வரும். சுண்ணாம்பு உருக 2,500 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும் என்பதால் அந்தச் சூட்டிலும் அது கட்டியாகவே நின்று ஒளிரும். தாமஸ் டிரம்மண்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1825-இல் அயர்லாந்து நில அளவையில் இதைப் பயன்படுத்தினார். 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மலையிலும் ஒளி தெரிந்தது. 1837-இல் லண்டன் கோவென்ட் கார்டன் நாடக அரங்குக்கு வந்தது.

நடிகர் நகர நகர ஒளியையும் நகர்த்த, விளக்குக்கு ஓர் ஆள் கூடவே நிற்பார். அவருடைய பெரிய வேலை கட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்புவது. திருப்பத் தவறினால் சுடர் ஒரே இடத்தில் குழி பறிக்கும். குழியில் பட்டுத் திரும்பும் தீ முன்னாலுள்ள லென்சை விரிசல்விடச் செய்யும். கட்டியில் ஈரக்காற்று பட்டாலும் உதிர்ந்துவிடும், அதனால் காற்றுப் புகாத டப்பாக்களில் வைத்திருந்தார்கள். அந்த ஒளிவட்டத்தில் நிற்பவரையே ஊர் பார்க்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'பலர் கவனத்தில் இருப்பது' என்ற பொருள் சொல்லில் ஏறியது. மேடையில் மின்விளக்கு வந்த பிறகும் சொல் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் 'புகழ் வெளிச்சம்' என்றே எழுதலாம், பொருள் சிதையாது.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சுவரில் பூசியிருப்பதும் அதே சுண்ணாம்பா?
- வாசகர், காரைக்குடி

பதில்: சூளையிலிருந்து வரும்போது அதே பொருள்தான். கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீரில் நீற்றினால் நீற்றிய சுண்ணாம்பு. பூசிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாக இறுகுகிறது. உங்கள் சுவரில் இருப்பது இந்தக் கடைசி நிலை.

பழுது பார்க்கச் சுட்ட சுண்ணாம்பு வாங்கினால், ஒரு துண்டில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சூடேறி, வெடித்துப் பொடியாக வேண்டும். அப்படி ஆகாவிட்டால் சாக்கிலேயே ஈரம் வாங்கிப் பழுதானது என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீற்றும்போது தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். குவியலின்மேல் சிறிதளவு நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் அருகே போகக் கூடாது.