ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களைத் தேடித் தனியே ஒரு பயணம்: கேள்வி பதில்

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் (1919–2003) கட்டடங்களைப் பார்ப்பதற்காகவே மூன்று முறை தனியாக இலங்கை சென்று வந்திருக்கிறேன். அந்தப் பயணங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஒரே ஒரு கட்டடக் கலைஞருக்காக ஒரு நாட்டுக்குப் போக வேண்டுமா? அதுவும் தனியாக?

பாவா முதலில் வழக்கறிஞராக இருந்தவர். 1948இல் பெந்தோட்டைக்கு அருகே கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதைச் சீரமைக்க முயன்றபோதுதான் தமக்குக் கட்டடக்கலை தெரியவில்லை என்பதை உணர்ந்து, மீண்டும் படிக்கப் போய், 38ஆம் வயதில் கட்டடக் கலைஞரானார். தோட்டத்தில் நடந்து நடந்து கற்ற ஒருவரின் வீடுகள் என்பதால், ஒரு திருப்பம், ஒரு நிழல், அதற்கப்பால் திடீரென ஒரு முற்றம் என்று அவை நடப்பவருக்கே விரிகின்றன. உடன் வருபவரின் பசியையும் அவசரத்தையும் கவனித்துக்கொண்டே அவற்றைப் பார்க்க முடியாது என்பது என் அனுபவம்.

கேள்வி: ஐந்து நாள்தான் விடுப்பு. எப்படிப் பிரித்துக்கொள்வது?

இரண்டு நாள் கொழும்பு, மூன்று நாள் தெற்குக் கடற்கரை. கொழும்பில் 33ஆவது ஒழுங்கையிலுள்ள ‘நம்பர் 11’ பாவாவின் சொந்த வீடு. வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக இணைத்தார். முன்பதிவு செய்தால்தான் பார்க்க முடியும் என்பதால் விமானச் சீட்டுக்கு முன்பே இதை உறுதி செய்துகொள்ளுங்கள். பேரை ஏரியின் மீது பாவா வடிவமைத்த பௌத்த மண்டபமான சீமா மாலக்கயவுக்கு மாலையில் போகலாம். அவர் வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றத்தை, சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கிய ஏரியின் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. செப்புக் கூரைகள் நீரின் மேல் மிதப்பது போலத் தெரியும்.

பிறகு கோட்டை நிலையத்திலிருந்து கடலோர ரயில். பெந்தோட்டை ரயில் நிலையமே பாவா வடிவமைத்ததுதான். தம்புள்ளைக்கு அருகேயுள்ள கண்டலம ஹோட்டலை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் பயணத்தில் எல்லாவற்றையும் நெருக்கித் திணித்தேன். எதுவும் மனத்தில் தங்கவில்லை.

கேள்வி: லுணுகங்காவுக்குப் போனேன். அழகான தோட்டம், அவ்வளவுதான் என்று பட்டது. நான் எதைத் தவற விட்டேன்?

பாவா முதலில் வாங்கிய அந்தத் தோட்டம்தான் லுணுகங்கா. வீட்டின் தெற்குத் திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது. அங்கிருந்து நேராகப் பார்த்தால் கறுவாக் குன்று என்ற புல்மேடு, அதன் உச்சியில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பெரிய சாடி, அதற்கப்பால் ஏரி, ஏரிக்கும் அப்பால் ஒரு குன்றின் மேல் கட்டகுலிய விகாரையின் வெண்ணிறத் தாதுகோபம் (பௌத்தத் தூபி). இவை அனைத்தும் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. தமக்குச் சொந்தமில்லாத தாதுகோபத்தையும் பாவா தம் தோட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஊர்ப்பாதை ஒன்று குறுக்கே செல்கிறது. அதைப் பள்ளத்தில் இறக்கி மறைத்திருப்பதால், திண்ணையில் இருப்பவரின் கண்ணுக்குப் புல்வெளி அறுபடாமல் ஓடுகிறது. வடக்குப் பக்கத்துக் கோயில் அரளிகளின் கிளைகளையும் பாருங்கள்: எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, பல ஆண்டுகளாக வளைத்து உருவாக்கியவை அவை.

பத்திக் துணிக் கலைஞர் ஏனா த சில்வாவுக்காகக் கொழும்பில் பாவா வடிவமைத்த வீட்டையும், கல் கல்லாகப் பிரித்து எடுத்து வந்து, இந்தத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் கட்டடக்கலை படித்தவள் அல்ல. அங்கே எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியுமா?

தெரியும். ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். நான் கூரையில் தொடங்கினேன். பாவா நெளிநெளியான சிமெண்ட் தகடுகளைப் பரப்பி, அவற்றின் மேல் அரைவட்ட ஓடுகளைப் பதித்தார். தகடு மழையைத் தடுக்கும்; ஓடு வெயிலைத் தாங்கும்; கீழிருந்து பார்ப்பவருக்கு அது பழைய ஓட்டு வீடு. இதை ஒரு கட்டடத்தில் கண்டுகொண்டால் அடுத்த கட்டடத்தில் கண் தானாக மேலே போகும். அளவுநாடா வேண்டாம், முற்றத்தைக் காலடியால் அளந்து குறிப்பேட்டில் வரையுங்கள். கோடு கோணினாலும் பரவாயில்லை.

கேள்வி: பெண் தனியாகப் போவது பாதுகாப்பா?

நான் போன மூன்று முறையும் தொல்லை ஏதும் நேரவில்லை. ஆயினும் இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்வதை வழக்கமாக வைத்திருந்தேன். முச்சக்கர வண்டிக்குக் கட்டணம் பேசிய பிறகே ஏறினேன். ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் தமிழும் இருப்பது, தனியாகச் செல்பவருக்கு எவ்வளவு தெம்பு தருகிறது என்பதை அங்கே போய்த்தான் உணர்ந்தேன்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

தென்மேற்குக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். என்னைக் கேட்டால், மழைக்காலத்தில் ஒரு முறையாவது போக வேண்டும். முற்றத்தின் நடுவே மழை கொட்டும்போது, நனையாமல் அதன் மிக அருகில் உட்கார்ந்திருக்க அந்த ஆழமான இறவாரங்கள் இடம் கொடுக்கின்றன.

கேள்வி: இலங்கை செல்ல இப்போது வசதியில்லை. தமிழ்நாட்டில் அவருடைய வேலை ஏதாவது உண்டா?

உண்டு. மதுரைக் கோச்சடையில், ஆலை அதிகாரிகளுக்கான மன்றமாக 1970களில் அவர் வடிவமைத்த கட்டடம் இன்று ஹோட்டலாக இயங்குகிறது. சென்னையில் கன்னிமாரா ஹோட்டலின் சீரமைப்பிலும் அவர் பங்கு இருக்கிறது. இந்தத் தொடர்பு எதிர்த்திசையிலும் ஓடுகிறது: ‘நம்பர் 11’ வீட்டின் உள்ளே, செட்டிநாட்டு வீடொன்றிலிருந்து கொண்டுபோன தூண்கள் நிற்கின்றன. மதுரையைப் பார்த்துவிட்டு அப்படியே காரைக்குடிப் பக்கம் போய், அத்தகைய தூண்கள் பிறந்த முற்றங்களையும் கண்டுவிடுங்கள். கொழும்பில் அவற்றைப் பார்க்கும் நாளில் உடனே அடையாளம் தெரியும்.