வறட்சிக் காலத்தில் ஆட்டுப் பண்ணைக் குடும்பம்: மழை இல்லாவிட்டால் வேலை கூடும்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், ஊரே இல்லாத இடத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பங்கள் வறட்சியை எப்படிச் சமாளிக்கின்றன? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

பத்து மாதம் கூடவே இருந்து பார்த்தேன். கணவருக்கு நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடியில் உள்ள ப்ரோக்கன் ஹில்லில் நர்ஸ் வேலை. எனக்கு கோவில்பட்டிப் பக்கம் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம் மட்டும்தான் கையில். 2019 பிப்ரவரியில், அங்கிருந்து வடக்கே திபூபுர்ரா போகும் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில், இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் வேலைக்குச் சேர்ந்தேன். சனி ஞாயிறு மட்டும் ஊருக்கு வருவேன். பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு ஏழு. இரண்டும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பழக ஒரு மாதம் ஆனது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. அந்தப் பண்ணை கிட்டத்தட்ட 80,000 ஏக்கர். அங்கே ஏக்கருக்கு எத்தனை ஆடு என்று யாரும் கேட்பதில்லை. ஓர் ஆட்டுக்கு எத்தனை ஏக்கர் என்றுதான் கேட்பார்கள். நல்ல காலத்திலேயே ஆண்டு மழை 250 மில்லிமீட்டர் வாக்கில்தான். மெரினோ என்ற கம்பளிச் செம்மறி ஆடுகள் 6,000 இருந்த இடத்தில் நான் போனபோது 2,000 சொச்சம். மற்றதையெல்லாம் விற்றாயிற்று. 2019 அந்த நாட்டுப் பதிவேட்டிலேயே மிக வறண்ட ஆண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கரிசல் காட்டில் மழை பொய்த்தால் வேலை இருக்காது. ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள், இல்லாவிட்டால் திருப்பூருக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போவார்கள். அதே மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். நேர்மாறு. மழை இருந்தால் ஆடு தானே மேய்ந்து தானே குடிக்கும், மாதக்கணக்கில் அதன் பக்கமே போக வேண்டாம். மழை இல்லையென்றால் வேலைக்கு முடிவே கிடையாது. கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான்: அந்தக் குடும்பம் வறட்சியைச் சமாளித்தது என்பதைவிட, காலை ஐந்து மணி முதல் அதற்கு வேலை பார்த்தது என்று சொல்லலாம்.

தீவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாரியில் வந்து இறங்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நம்ம ஊர் பருத்திக்கொட்டை! அதை வண்டியில் ஏற்றி நாற்பது கிலோமீட்டர் போய், தரையில் நீளக் கோடாகத் தூவிவிட்டு வர வேண்டும். இன்ஜின் சத்தம் கேட்டதுமே ஆடுகள் ஓடிவரும். பருத்திக்கொட்டை போதாத நாளில் அப்பாக்காரர் ரம்பத்தோடு போய் முல்கா என்ற காட்டு மரத்தின் கிளைகளைத் தீவனமாக வெட்டிப் போடுவார். அந்த ஆண்டு கிடாயைப் பெட்டைகளோடு விடவே இல்லை. குட்டி போட்டால் தாய்க்குப் பால் சுரக்காது, இரண்டுமே போய்விடும்.

இதைவிட மோசம் கண்மாய் வேலை. அவர்கள் அதை டேங்க் என்கிறார்கள். மண்ணைத் தோண்டி எடுத்த பெரிய ஊருணிதான். தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் சேறு அகலமாகிக்கொண்டே போகும். தெம்பில்லாத ஆடு தண்ணீர் குடிக்கப் போய் நடுச்சேற்றில் மாட்டிக்கொள்ளும். விடிவதற்குள் போகாவிட்டால் காக்கை முந்திக்கொண்டு கண்ணைக் கொத்திவிடும். ஒரு நாள் நானும் கூடப் போனேன். அப்பா முழங்கால் சேற்றில் இறங்கிக் கயிறு போட்டு இழுத்தார். வெளியே வந்த ஆடு, ஈரக் கம்பளியும் சேறுமாக ஒரு மூட்டை போலக் கிடந்தது. மரத்துப்போன கால் ஊன்றாது, விட்டால் சாய்ந்துவிடும். பையன் அதன் முதுகுக்கு இரண்டு பக்கமும் முட்டியைக் கொடுத்து நிறுத்திப் பிடித்தபடி, ஒன்றும் பேசாமல் கால்மணி நேரம் நின்றான். அது நாலடி நடந்த பிறகுதான் விலகினான். அப்புறம் ஒன்பது மணி வகுப்புக்கு வந்து உட்கார்ந்தான், நகக்கண்ணில் சேறோடு.

வகுப்பு, ப்ரோக்கன் ஹில்லில் இருந்து நடக்கும் வானொலிப் பள்ளி. 1956-ல் ரேடியோவில் தொடங்கியது. இப்போது செயற்கைக்கோள் இணையம். திரையில் ஆசிரியர் கொஞ்ச நேரம், மீதி நேரம் நான். புழுதிக் காற்று வந்தால் கதவிடுக்கில் ஈரத்துணி திணித்துவிட்டுப் பாடம் நடத்துவோம். அப்படியும் நோட்டில் சிவப்புப் பொடி படியும்.

வீட்டுத் தண்ணீர்க் கணக்கு முழுக்க அம்மா கையில். கூரையில் விழுந்த பழைய மழைத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிக்க ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். தொட்டியில் முதலில் பெண், அதே தண்ணீரில் பையன், கடைசியில் அப்பா. ப்ரோக்கன் ஹில்லுக்கே டார்லிங் ஆறு வறண்டு, மர்ரி ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டருக்குக் குழாய் போட்ட சமயம் அது.

பணத்துக்கு அவர்களைத் தாங்கியது, நம்பமாட்டீர்கள், வெள்ளாடு. வளர்ப்பு ஆடு இல்லை, காட்டில் தானாகப் பெருகியவை. தண்ணீர் இருக்கும் இடத்தைச் சுற்றி வேலி, உள்ளே மட்டும் திறக்கும் கதவு. குடிக்க வந்தால் மாட்டும். அதன் கறி அப்போது பெரும்பாலும் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. செம்மறி தின்ற கடனை வெள்ளாடு அடைத்தது என்று அம்மா சொல்லுவார்.

ஆகஸ்டில் இன்னொரு 700 பெட்டைகளை விற்பது என்று முடிவானது. இரண்டு தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்த மந்தை. எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது என்று மூன்று ராத்திரி சமையலறை மேசையில் பேச்சு. லாரி வந்த அன்று, வகுப்பை நிறுத்தாதே என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டுப் பட்டிக்குப் போனார். கத்தல் கேட்காமல் இருக்க நான் சத்தமாக வாசித்தேன். பையன் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. மதியச் சாப்பாட்டில் யாரும் பேசவில்லை.

ஏற்றக்கூடத் தெம்பில்லாதவற்றுக்கு மாலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். அதைப் பற்றி வேண்டாம்.

பெண்ணுக்கு ஒரு தனி வேலை இருந்தது. தாத்தா காலத்திலிருந்து மழை அளவு எழுதிவரும் நோட்டு அவள் பொறுப்பு. தினமும் காலை ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுத வேண்டும். சுழி, சுழி, சுழி. சராசரி கணக்கு சொல்லித்தர அந்த நோட்டைத்தான் எடுத்தேன். பக்கம் பக்கமாகச் சுழியைக் கூட்டுவது அவளுக்கு ஒரே சிரிப்பு. டிசம்பரில் நான் கிளம்பிய அன்றும் போய்ப் பார்த்தாள். குழாயைக் கவிழ்த்தபோது ஒரு விரற்கடை செம்மண் கொட்டியது. இதை எந்தக் கட்டத்தில் எழுத என்று என்னைக் கேட்டாள்.