வீட்ல வீடியோ போட்டு பவர் யோகா: இந்த தடவை வந்த கேள்விகள்

வந்த கேள்வில பாதில வயசு இல்ல, எவ்ளோ நாளா பண்றீங்கன்னு இல்ல, "அக்கா வலிக்குது, என்ன பண்றது"ன்னு மட்டும் இருக்கு. எங்க வலிக்குது, எந்த ஆசனத்துல வலிக்குதுன்னு எழுதுங்கப்பா, நான் ஜோசியம் பாக்கறதில்ல.

இன்டர்மீடியட் வீடியோ போட்டா 15 நிமிஷத்துலயே மூச்சு வாங்குது. ஸ்டாமினாவுக்கு என்ன சாப்பிடலாம்? (செம்பூர்)

ஒண்ணும் சாப்பிட வேணாம், ஸ்பீட 0.75க்கு குறைங்க. வாய் தொறந்து மூச்சு விட ஆரம்பிச்சாச்சுன்னா பாலாசனத்துல (மண்டி போட்டு குனிஞ்சு நெத்திய தரையில வைக்கறது) உக்காருங்க, வீடியோ பாட்டுக்கு ஓடட்டும்.

சூர்ய நமஸ்காரம் பண்ணா வலது தோள் முன்பக்கம் குத்துது. எந்த ஆயின்மென்ட் நல்லது? (டோம்பிவிலி)

ஆயின்மென்டா! இதே கேள்வி மாசாமாசம் வருது, நானும் மாசாமாசம் கத்தறேன். குத்தறதுக்கு முக்கால்வாசி காரணம் சதுரங்காதான், அதாவது முழங்கைய மடக்கி உடம்ப பலகை மாதிரி தரைக்கு மேல இறக்கி நிறுத்தறது. கணக்கு போட்டு பாருங்க, சூர்ய நமஸ்காரத்துல ஏ, பின்னு ரெண்டு வகை, ஏ ஒரு சுத்துக்கு ஒரு சதுரங்கா, பி ஒரு சுத்துக்கு மூணு, அஞ்சு ஏ அஞ்சு பி பண்ணாலே 20 ஆச்சு, நின்னு பண்ற ஆசனத்துக்கு நீங்க இன்னும் வரவே இல்ல, அதுக்கப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவுல ஒரு வின்யாசா, அதுலயும் ஒரு சதுரங்கா. அந்த 20ம் தப்பா பண்ணா தோள் என்ன பண்ணும் பாவம்? பெரும்பாலும் எல்லாரும் பண்றது என்னன்னா, நெஞ்ச தரை வரைக்கும் தொப்புனு இறக்கறது. அப்போ தோள் முழங்கைக்கு கீழ போயி முன்னாடி உருண்டுக்கும், மொத்த வெயிட்டும் அந்த மூட்டோட முன்பக்கத்துல தொங்கும். தோள் முழங்கை லெவல்ல நிக்கணும், அதுக்கு மேல நின்னா இன்னும் நல்லது, முழங்கை விலாவ ஒட்டி இருக்கணும். ரெண்டு தலகாணிய மடிச்சு நெஞ்சுக்கு கீழ வைங்க, நெஞ்சு தொட்டதும் ஸ்டாப். கை நடுங்குதா, முட்டிய தரையில வைங்க, கேவலம் ஒண்ணும் இல்ல. அப்புறம் வீடியோல இருக்கற டீச்சர் உங்கள பாக்கல, அத ஞாபகம் வெச்சுக்கோங்க. அதே ஃபோன சைடுல நிறுத்தி உங்க சதுரங்காவ ஒரு தடவ எடுத்து பாருங்க, ஆயின்மென்ட் கேக்கவே மாட்டீங்க. இப்போதைக்கு ரெண்டு வாரம் சதுரங்காவே வேணாம், அப்படியும் குத்தினா ஆர்த்தோகிட்ட போங்க.

கழுத்து பிடிச்சுக்குது. டிவி உயரமா மாட்டியிருக்கு, அதனாலயா? (முலுண்ட்)

வேற எதனால? டௌன்டாக்ல (கையும் காலும் தரையில, இடுப்பு மேல தூக்கி நிக்கறது) தலைய திருப்பி டிவி பாத்தா பிடிக்காம என்ன செய்யும். முதல்ல வீடியோவ சும்மா உக்காந்து ஒரு தடவ முழுசா பாருங்க, அப்புறம் காதால கேட்டு செய்யுங்க. நூறு தடவ சொல்லிட்டேன்.

ஒரு மணி நேரம் பண்ணா மாசம் எத்தன கிலோ இறங்கும்? (தானே)

60 கிலோ ஆளுக்கு மணிக்கு 250 கலோரி போகும், அவ்ளோதான். ஒரு வடா பாவே கிட்டத்தட்ட 300. மீதிய நீங்களே போட்டுக்கோங்க.

பிபி மாத்திரை சாப்பிடறேன், வீடியோ பாத்தே சிரசாசனம் வந்துடுச்சு. தொடரலாமா? (சயான்)

வேணாம். டாக்டர்கிட்ட கேக்கற வரைக்கும் வேணவே வேணாம். க்ளாக்கோமா (கண் நரம்ப பாதிக்கற நோய்) இருக்கறவங்களுக்கும் இதே பதில்.

பவர் யோகா அமெரிக்காக்காரன் சரக்கு, நம்மளோடது இல்லன்னு அப்பா திட்றார். (மாட்டுங்கா)

பேரு மட்டும்தான் அமெரிக்கா, 1990கள்ல பிரபலமாச்சு. உள்ள இருக்கறது மைசூர் யோகா குரு பட்டாபி ஜோயிஸோட அஷ்டாங்க வின்யாசா யோகா. அவரோட குரு கிருஷ்ணமாச்சாரியார் 1930கள்ல மைசூர் அரண்மனைல சொல்லிக் குடுத்தவர், பின்னாடி மெட்ராஸ்லயே செட்டில் ஆனவர். அப்பாகிட்ட இத சொல்லுங்க, அவர் வேற காரணம் கண்டுபிடிப்பார்.

குனிஞ்சா உக்கார்ற எலும்புகிட்ட சுருக்குங்குது, இன்னும் நல்லா இழுத்தா சரியாகுமா? (அந்தேரி)

இழுக்கவே கூடாது! தொடை பின்பக்கத் தசை எலும்புல ஒட்டற இடம் அது, இழுக்க இழுக்க மோசமாகும். முட்டிய மடக்கிட்டு குனியுங்க, கொஞ்ச வாரம் பாதி தூரம் போதும்.

சவாசனத்துல கரெக்டா விளம்பரம் வந்து கத்துது. (செம்பூர்)

படுத்துக்கறதுக்கு வீடியோ எதுக்கு? ஆஃப் பண்ணுங்க, அஞ்சு நிமிஷம் அலாரம் வைங்க.

காலைல அஞ்சரைக்கு ஜம்ப் பேக் (ரெண்டு காலயும் பின்னாடி குதிச்சு வைக்கறது) பண்ணா கீழ் வீட்டுக்காரர் சொசைட்டில கம்ப்ளெயின்ட் பண்றார். (முலுண்ட்)

அவர் பக்கம்தான் நியாயம். சத்தம் வருதுன்னா கன்ட்ரோல் இல்லாம விழறீங்கன்னு அர்த்தம். ஒவ்வொரு காலா பின்னாடி வைங்க.

மழைக்காலத்துல மேட் வழுக்குது, நாத்தமும் வருது. 10 எம்எம் மேட் வாங்கினா சரியா போகுமா? (டோம்பிவிலி)

பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும், ஒத்தக் கால்ல நிக்கவே முடியாது. 4, 5 எம்எம் போதும், முட்டிக்கு வேணா ஒரு டவல மடிச்சு வெச்சுக்கோங்க. வழுக்கலுக்கு மேல ஒரு காட்டன் டவல், கை வைக்கற இடத்துல லேசா தண்ணி தெளிச்சுட்டு ஆரம்பிங்க. நாத்தம் ஏன்னா ஈரத்தோட சுருட்டி கட்டிலுக்கு அடியில தள்றீங்க, அதான். முடிச்சதும் தொடச்சு, கொஞ்ச நேரம் ஃபேனுக்கு கீழ விரிச்சு காய விட்டு சுருட்டுங்க.