பஸ் பிரேக் அடிக்கும்போது நம்மைத் தள்ளுவது யார்?

வணக்கம் சேர்,

நான் வெள்ளவத்தையில் இருந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வேலைக்குப் போகிறவள். கலைப்பிரிவில் படித்தேன். மகன் இப்போது ஓ.எல். எடுக்கப் போகிறான். போன கிழமை சாரதி சடாரென்று பிரேக் அடிக்க, நின்றுகொண்டு வந்த நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். ஓடுகிற பஸ்ஸில் இருக்கிற விசைதான் முன்னுக்குத் தள்ளியது என்று வீட்டில் சொன்னேன். "அப்படி ஒரு விசையே இல்லையம்மா, அது சடத்துவம்" என்கிறான் மகன். தள்ளியதை நான் உணர்ந்தேனே? இன்னொன்று: 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் வேலை செய்யவில்லை என்று புத்தகத்தில் இருக்கிறதாம். அப்படியென்றால் என் கை ஏன் வலிக்கிறது? விசையும் சக்தியும் ஒன்றா, வேறா?

வெள்ளவத்தை வாசகி

வணக்கம்.

மகன் சொன்னது சரி. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லோடு அவர் போயிருக்கக்கூடாது, ஏனென்றால் நீங்கள் உணர்ந்ததும் உண்மைதான், அதற்கு விளக்கம் தரத்தான் வேண்டும்.

பிரேக் அடித்த அந்த நேரம் உடம்பில் எந்த இடத்தில் இழுப்புத் தெரிந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் உங்களை முன்னுக்குத் தள்ளினால் அது முதுகில் தெரிய வேண்டும். முதுகில் ஒன்றும் இருந்திருக்காது. கம்பியைப் பிடித்திருந்த கையிலும் பாதத்திலும்தான் தெரிந்திருக்கும், அதுவும் பின்பக்கமாக. பஸ் மணிக்கு 30 கிலோமீற்றரில் போனபோது நீங்களும் அதே 30 இல்தான் போய்க்கொண்டிருந்தீர்கள். பிரேக் பிடித்ததும் தெருவுக்கும் சில்லுக்கும் இடையிலான உராய்வு பஸ்ஸை மெதுவாக்கியது, பஸ்ஸின் தளம் உங்கள் பாதங்களை மெதுவாக்கியது, ஆனால் தோளையும் தலையையும் பிடித்து நிறுத்த அந்தக் கணத்தில் எதுவும் இல்லை, அவை பழைய வேகத்திலேயே போயின. கால் பின்தங்க, மேலுடம்பு போக, விழுந்தீர்கள். பஸ் எடுக்கும்போது சீற்றில் இருந்தால் இதற்கு எதிர்மாறு: சாய்மானம் முதுகை முன்னுக்குத் தள்ளுகிறது, அது நிஜமான விசை, நாங்கள்தான் 'பின்னுக்குத் தள்ளுது' என்கிறோம்.

இது பிடிபடாததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு பொருள் ஓடிக்கொண்டிருக்க ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டோட்டில் சொன்னதை உலகம் மிக நீண்ட காலம் ஏற்றுக்கொண்டிருந்தது. எல்லா இடத்திலும் உராய்வு இருப்பதால் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். கலிலியோ சாய்தளங்களில் குண்டுகளை உருட்டிப் பார்த்து அதை மறுத்தார், 1687 இல் நியூற்றன் அதை விதியாகவே எழுதிவைத்தார். விசை தேவைப்படுவது வேகத்தை மாற்ற; இருக்கிற வேகத்தை வைத்திருக்க அல்ல. மகன் சொன்ன சடத்துவம் இதுதான். ஆகவே ஓடும் பஸ்ஸுக்குள் விசை நிறைந்திருப்பதில்லை. விசை என்பது இரண்டு பொருட்களுக்கு இடையில் நடப்பது: தெரு சில்லைப் பிடிக்கிறது, கம்பி கையை இழுக்கிறது. பஸ்ஸிடம் இருப்பது உந்தமும் இயக்கசக்தியும்.

சரி, அரிசிப் பை. அதைப் பிடித்திருக்க உங்கள் கை ஏறக்குறைய 98 நியூற்றன் விசையைக் கொடுக்கிறது. பை மேலே போகாததால் அதற்குச் சக்தி எதுவும் போய்ச் சேரவில்லை, ஒரு மேசைகூட அந்தப் பையை மாதக்கணக்கில் ஒன்றும் செலவழிக்காமல் தாங்கும். உங்கள் தசை மேசை போன்றதல்ல. உள்ளே நார்கள் சுருங்குவதும் விடுவதுமாக இருக்கின்றன, சாப்பாட்டில் இருந்து வந்த சக்தி செலவாகி வெப்பமாகிறது. கை வலிப்பது அதனால்தான். புத்தகம் 'வேலை' என்று சொல்வது பைக்குப் போய்ச் சேரும் சக்தியின் கணக்கை மட்டும். அதே பையை 1 மீற்றர் உயர்த்திப் பாருங்கள், 98 யூல் (யூல் என்பது சக்தியின் அலகு) அதற்குள் போய்விடும்.

விசையும் சக்தியும் ஒன்றா என்று கேட்டீர்களே, வேறுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஐரோப்பாவின் பெரிய தலைகளே நெடுங்காலம் சண்டை பிடித்தன. ஓடும் பொருளிடம் இருப்பதை எப்படி அளப்பது? திணிவை வேகத்தால் பெருக்கினால் போதும் (இன்று உந்தம் என்பது அதுதான்) என்றது பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டின் பக்கம். இல்லை, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் (இன்றைய இயக்கசக்தி அதில் பாதி) என்று 1686 இல் ஜேர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் எழுதினார். 1722 இல் ஒல்லாந்து விஞ்ஞானி கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழ விட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் வந்த குண்டு நான்கு மடங்கு ஆழம் போனது. அவர் நியூற்றனின் பக்கத்து ஆள், ஆனாலும் களிமண்ணில் கண்டதை ஏற்றுக்கொண்டு லைப்னிட்ஸின் பக்கம் வந்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். எமிலி து ஷத்லே என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1740 இல் வந்த தன் பௌதிக நூலில் அந்தப் பரிசோதனையை முன்வைத்து வாதாடினார்.

உண்மையில் இரண்டு பக்கமும் சரி. ஒரு விசை எவ்வளவு நேரம் செயற்பட்டது என்று கேட்டால் உந்தம் எவ்வளவு மாறியது என்று பதில் வரும், எவ்வளவு தூரத்துக்குச் செயற்பட்டது என்று கேட்டால் சக்தி எவ்வளவு மாறியது என்று வரும். இதை காலி வீதியிலேயே வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 5 மீற்றரால் குறையும்படி பிரேக் பிடித்தால், மணிக்கு 30 கிலோமீற்றரில் வந்த வாகனம் 1.7 செக்கனில் நிற்கும், 60 இல் வந்தது 3.3 செக்கனில். நேரம் இரண்டு மடங்கு. ஆனால் தூரம்? முதலாவதுக்கு 7 மீற்றர், மற்றதுக்கு 28 மீற்றர். நான்கு மடங்கு! இது பிரேக்கை மிதித்த பிறகு போகும் தூரம் மட்டும்தான். காண்பதற்கும் மிதிப்பதற்கும் இடையில் ஒரு செக்கன் போனால், 60 இல் அதற்கே இன்னும் 17 மீற்றர் சேரும். 60 இல் ஓடும் 10 தொன் பஸ்ஸை நிறுத்தும்போது வெளியேற வேண்டிய சக்தி, ஏறக்குறைய நாலரை லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவும் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாகத்தான் போகிறது.

மகன் இன்னும் கொஞ்சக் காலத்தில் மோட்டார் சைக்கிள் கேட்பார், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 30 இல் வந்தவரும் 60 இல் வந்தவரும் ஒரே இடத்தில், ஒரே அளவாக பிரேக் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். முதலாமவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தை மற்றவர் கடக்கும்போது அவருடைய வேகம் பாதியாகக்கூடக் குறைந்திருக்காது, இன்னும் 52 இல் போய்க்கொண்டிருப்பார். இந்த 52 எப்படி வந்தது என்று மகனிடம் கேளுங்கள். பிரேக் எவ்வளவு பலமானது என்ற தகவல் அவருக்குத் தேவைப்படாது, 60 இன் வர்க்கத்தில் இருந்து 30 இன் வர்க்கத்தைக் கழித்துத் தொடங்கட்டும்.