முக்குவதற்கு ஒத்திகை வேண்டாம்

பிரசவத்தில் எந்த நிலையில் முக்குவது நல்லது என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். "குந்தி உட்கார்ந்து முக்கிப் பழகும்போது இரண்டு நாளாக லேசாகத் தண்ணீர் கசிகிறது, சிறுநீராக இருக்கும்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உடனே போய்க் காட்டுங்கள் என்று கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

சிறுநீராக இருக்கலாம்தான். கர்ப்பத்தின் இந்த மாதத்தில் தும்மினாலே கொஞ்சம் கசியும். ஆனால் பனிக்குடம் உடைந்தால் எப்போதும் கொட்டித் தீர்க்கும் என்று நினைக்காதீர்கள். சின்னதாகக் கிழிந்திருந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அடக்கினாலும் நிற்காது, உள்ளாடை திரும்பத் திரும்ப நனையும். 36-வது வாரத்தில் இருப்பவர் இதை முகர்ந்து பார்த்து வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. பனிக்குடம் திறந்துவிட்டால் கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடுகிறது. சுத்தமான நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு அன்றைக்கே பரிசோதனைக்குப் போங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், ரத்தம் வந்தால், காய்ச்சல் அடித்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் இரவு பகல் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

வலி சீக்கிரம் வர விளக்கெண்ணெய் குடிக்கலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில்: கூடாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, பிரசவத்துக்குத் தேவையான தெம்பெல்லாம் அதிலேயே போய்விடும்.

இனி முக்குவதைப் பற்றி. எந்த நிலை நல்லது என்று பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். 'அந்த நேரத்தில் எனக்குச் சரியாக முக்கத் தெரியாவிட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ' என்ற ஒரே பயம்தான் அத்தனைக்கும் அடியில் இருக்கிறது. முக்குவது பாடமாகப் படித்து வருவதில்லை அம்மா. கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறந்து, குழந்தையின் தலை கீழே இறங்கி அழுத்தும்போது, மலம் கழிக்க வேண்டும் போன்ற ஓர் உந்துதல் தானாக வரும். அதை வீட்டில் ஒத்திகை பார்க்க முடியாது. வலி தொடங்கிய பிறகும், முழுதாகத் திறக்கும் முன் வேகமாக முக்கினால் களைத்துப் போவீர்கள், கருப்பை வாயும் வீங்கக்கூடும். அதனால் உந்துதல் வந்ததும் நர்ஸிடம் சொல்லுங்கள், பார்த்துவிட்டுச் சொல்வார்.

மல்லாந்து படுத்தாலே குழந்தைக்கு ஆபத்து என்று ஒரு வீடியோவில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இப்படி மிரட்டுகிற வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அதில் பாதி உண்மை உண்டு. தட்டையாக மல்லாந்து வெகுநேரம் படுத்தால், கனமான கருப்பை இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய நாளத்தை அழுத்தி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். அதனால்தான் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துகிறோம், ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறோம். பரிசோதனைக்காகச் சில நிமிடம் மல்லாந்து படுப்பதற்குப் பயம் வேண்டாம்.

முதுகில் மரத்துப்போகும் ஊசி, அதாவது எபிடூரல், போடாதவர்களுக்கு நிமிர்ந்த நிலைகள் நல்லதுதான். ஆயுதம் (இடுக்கி, உறிஞ்சு கருவி) போட்டுக் குழந்தையை எடுப்பதும் கீழே வெட்டித் தையல் போடுவதும் ஓரளவு குறைகின்றன. ரத்தப்போக்கு மட்டும் கொஞ்சம் கூடலாம். குந்தி உட்கார்ந்தால் இடுப்பெலும்பின் கீழ்வாய் விரியும், ஆனால் கால் சீக்கிரம் ஓய்ந்துபோகும். பிடித்துக்கொள்ளக் கம்பியோ ஆளோ வேண்டும். முதுகுவலி கொல்கிறது என்றால் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழும் நிலையில் இருங்கள்.

எபிடூரல் போட்டவர்களுக்குக் கணக்கே வேறு. 2017-ல் பிரிட்டனில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், எபிடூரலோடு முதல் பிரசவத்துக்கு வந்தவர்களில் ஒருக்களித்துப் படுத்தவர்கள் 100-க்கு 41 பேர் ஆயுதமோ அறுவையோ இல்லாமல் பெற்றார்கள். நிமிர்ந்திருந்தவர்களில் 35 பேர்தான். நானும் களைத்துப்போனவர்களுக்கு இதையே சொல்வேன்: ஒருக்களித்துப் படுங்கள், மேல் காலை ஒருவர் தாங்கிக்கொள்ளட்டும். தலை நிதானமாக வரும். எந்த நிலையிலும் பிடிவாதம் வேண்டாம், சலித்தால் மாற்றிக்கொள்ளலாம். முதல் பிரசவத்தில் முழுதாகத் திறந்த பிறகு 3 மணி நேரம் வரை ஆகலாம், அவ்வளவு நேரமும் ஒரே மாதிரி யாராலும் இருக்க முடியாது.

மூச்சை அடக்கி முகம் சிவக்க முக்க வேண்டாம். உடம்பு கேட்கும்போது முக்குங்கள், வலி விட்டதும் ஓய்வெடுங்கள். தலை வெளியே தெரியும் தருணத்தில் மட்டும் 'நிறுத்துங்கள், வாயால் மூச்சு விடுங்கள்' என்போம். அப்போது சொன்னபடி செய்யுங்கள், கிழிவது குறையும். மேல்வயிற்றைக் கையால் அழுத்திக் குழந்தையைத் தள்ளுவதை உலக சுகாதார நிறுவனமே 2018-ல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. யாராவது அழுத்த வந்தால் தாராளமாக மறுக்கலாம்.

முக்கும்போது மலம் வந்துவிடுமே என்ற வெட்கமா? வரும். சரியான இடத்தில்தான் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். துடைத்துவிட்டு நாங்கள் வேலையைப் பார்ப்போம்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, ஒருக்களித்துப் பெற அங்கே அனுமதிப்பார்களா, உங்கள் காலைத் தாங்க உடன் யார் இருக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.